செர்கெய் ராக்மானினோவ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராக்மானினோவின் இரண்டாவது பியானோ கான்செர்ட்டோவை (பியானோவும் ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் நீண்ட படைப்பு) முதல்முறை கேட்டவர்கள் அநேகமாக ஒரே மாதிரியான கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். கை அவ்வளவு பெரியதா, ஹிப்னாடிசம் செய்துதான் எழுதினாரா, ஏன் இவ்வளவு சோகம் என்று. பதில் சொல்லிச் சொல்லிச் சேர்ந்தவற்றை இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன். சில பதில்கள் நீளம், ஏனென்றால் சுருக்கினால் பொய்யாகிவிடும்.

சுருக்கமாக, யார் இவர்?

ரஷ்யாவில் நவ்கரோத் பகுதியில் 1873 ஏப்ரல் 1 அன்று (அன்றைய ரஷ்ய நாட்காட்டிப்படி மார்ச் 20) பிறந்தவர். எழுபதாவது பிறந்தநாளுக்கு நான்கு நாள் இருக்கும்போது, 1943 மார்ச் 28 அன்று, அமெரிக்காவில் பெவர்லி ஹில்ஸில் இறந்தார். இசையமைப்பாளர், பியானோ கலைஞர், ஆர்க்கெஸ்ட்ராவை நடத்தும் கண்டக்டர் என மூன்று வேலையும் பார்த்தவர், மூன்றிலும் முதல் வரிசை.

ஒரு கணக்கை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். படைப்புகளுக்கு வரிசையாகக் கொடுக்கும் எண்ணை ஓபஸ் என்பார்கள், ஓர் எண்ணுக்குள்ளேயே பத்துப் பன்னிரண்டு சின்ன உருப்படிகள் இருக்கலாம். ராக்மானினோவ் ரஷ்யாவை விட்டுப் புறப்பட்டபோது வயது 44, அதற்குள் ஓபஸ் 39 வரை வந்துவிட்டார். அப்புறம் இருபத்தைந்து ஆண்டு உயிரோடு இருந்தார், அதில் எழுதியது ஆறே ஆறு. என்னைப் பொறுத்தவரை அவர் வாழ்க்கையில் முக்கியமான கேள்வி இதுதான், கை அளவு அல்ல.

பணக்கார வீட்டுப் பிள்ளையா?

பிறந்தபோது ஆம். அம்மாவின் சீதனமாக வந்த நிலபுலன்களையெல்லாம் அப்பா வசீலி ஒவ்வொன்றாகக் கரைத்துவிட்டார். 1882-இல் குடும்பம் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்தில் ஒரு குறுகலான வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அடுத்த ஆண்டு அக்கா சோஃபியா தொண்டை அடைப்பான் நோயில் இறந்தாள், அப்பாவும் அம்மாவும் பிரிந்தார்கள். பையனைப் பாட்டிதான் தேவாலயங்களுக்குக் கூட்டிக்கொண்டு போனார். நவ்கரோத்தின் மணியோசையும் வழிபாட்டுப் பாடல்களும் அப்போது காதில் விழுந்தவை, கடைசிவரை அவர் இசையிலிருந்து போகவே இல்லை.

பள்ளியில் எப்படி?

மோசம். இசைக் கல்லூரியில் இசை தவிர்த்த பாடங்களில் 1885-இல் தோற்றுப்போனார். பெரியப்பா, அத்தை என்று உறவு விரிந்த குடும்பம் அது, நல்லவேளையாக அதில் அலெக்சாண்டர் சிலோட்டி என்று ஓர் அண்ணன் முறை இருந்தார். பியானோ மேதை லிஸ்ட்டிடம் நேரடியாகப் படித்தவர். அவர் யோசனைப்படி பையனை மாஸ்கோவில் நிக்கலாய் ஸ்வெரெவ் என்ற ஆசிரியர் வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள்.

கிட்டத்தட்ட குருகுலம்தான். மாணவர்கள் ஆசிரியர் வீட்டிலேயே தங்க வேண்டும், காசு வாங்கமாட்டார், ஆனால் காலை ஆறு மணிக்கு முறை வைத்துச் சாதகம், முதல்நாள் இரவு எவ்வளவு நேரம் கழித்துப் படுத்திருந்தாலும் சரி. அந்த வீட்டுக்கு இசையமைப்பாளர் சாய்கோவ்ஸ்கி வந்துபோவார் என்பதால் பன்னிரண்டு பதிமூன்று வயதிலேயே ராக்மானினோவ் அவர் கண்ணில் பட்டார். பிறகு, எழுதுவதற்குத் தனி இடம் வேண்டும் என்று கேட்டதில் ஆசிரியருக்கும் மாணவருக்கும் சண்டையாகி 1889-இல் அங்கிருந்து வெளியேறி, அத்தை வீட்டுக்குப் போனார். பிற்பாடு அவர் மணந்த நத்தாலியா சாத்தினா அந்த அத்தையின் மகள்தான். ரஷ்யத் திருச்சபை அத்தை மகளைக் கட்டிக்கொள்ள இடம் கொடுக்காது, 1902-இல் அந்தக் கல்யாணத்துக்கு ஜாரின் அனுமதி வரை போக வேண்டியிருந்தது.

1891-இல் பியானோ, 1892-இல் இசையமைப்பு என்று மாஸ்கோவில் இரண்டிலும் தேறினார். இறுதித் தேர்வுக்காக எழுதிய 'அலெக்கோ' என்ற ஒற்றை அங்க ஓபராவுக்கு (இசை நாடகம்) கல்லூரியின் பெரிய தங்கப் பதக்கம் கிடைத்தது.

அந்தப் புகழ்பெற்ற சி ஷார்ப் மைனர் பிரெலூட் அவருக்கு நிறையப் பணம் கொடுத்திருக்குமே?

இல்லை, அதுதான் வருத்தம். 19 வயதில் பியானோவுக்கு எழுதிய சின்ன உருப்படி, பதிப்பாளரிடம் சொற்பத் தொகைக்கு மொத்தமாகக் கொடுத்துவிட்டார். பன்னாட்டுப் பதிப்புரிமை ஒப்பந்தத்தில் ரஷ்யா அப்போது சேரவில்லை, அதனால் உலகம் முழுக்க யார் யாரோ அச்சடித்து விற்றார்கள், இவருக்கு ஒரு காசு வரவில்லை. அதைவிடப் பெரிய தொல்லை, எந்த ஊருக்குப் போனாலும் கச்சேரி முடிவில் அரங்கம் அதையே கேட்டுக் கத்தும், வாசிக்காமல் விடமாட்டார்கள். ஐம்பது ஆண்டு அந்த ஒரே உருப்படியை வாசித்தார்.

முதல் சிம்பொனியின் தோல்வி, என்னதான் நடந்தது?

1897 மார்ச், செயின்ட் பீட்டர்ஸ்பர்க். இளைஞருக்கு இருபத்து நான்கு வயது நிறையவில்லை. ஆர்க்கெஸ்ட்ராவை நடத்தியவர் இசையமைப்பாளர் கிளாசுனோவ். ஒத்திகை போதவில்லை, ஒரே நிகழ்ச்சியில் வேறு புதிய படைப்புகளும் இருந்தன, கிளாசுனோவுக்கு இந்த இசை பிடித்ததாகவும் தெரியவில்லை. அவர் குடித்திருந்தார் என்று நத்தாலியா பின்னாளில் சொன்னதை எல்லாரும் திரும்பச் சொல்கிறார்கள், நான் அதில் சாய மாட்டேன், ஒத்திகை பற்றாமல் போனதே ஒரு புதிய சிம்பொனியைக் கொல்லப் போதும். ராக்மானினோவ் அரங்கத்துக்குள் உட்கார முடியாமல் வெளியே படிக்கட்டில் போய் ஒடுங்கிக்கொண்டார். பிறகு சேசர் குயி என்ற இசையமைப்பாளர் எழுதிய விமர்சனம்: நரகத்தில் ஓர் இசைக் கல்லூரி இருந்து, அங்கே ஒரு மாணவனிடம் எகிப்தின் வாதைகளைப் பற்றிச் சிம்பொனி எழுதச் சொன்னால் இப்படித்தான் எழுதியிருப்பான், நரகவாசிகளும் மகிழ்ந்திருப்பார்கள் என்கிற மாதிரி.

சரி, விமர்சனம் வரத்தான் செய்யும். ஆனால் அவரைச் சாய்த்தது விமர்சனம் மட்டுமல்ல, தான் மனதில் கேட்டது ஒன்று, மேடையில் வந்தது வேறொன்று என்று ஆனதுதான். எழுதத் தெரியும் என்கிற நம்பிக்கையே போய்விட்டது. மூன்று ஆண்டுக்குச் சொல்லும்படி எதுவும் எழுதவில்லை. அந்த இடைவெளியில் மாமந்தோவ் என்ற செல்வந்தர் நடத்திய தனியார் ஓபராவில் கண்டக்டராக வேலை பார்த்தார், அங்கேதான் பாடகர் ஷாலியாபின் உயிர்த் தோழரானார்.

அந்தச் சிம்பொனியை அவர் உயிரோடு இருந்தவரை யாரும் மறுபடி வாசிக்கவில்லை. முழு இசைப் பிரதி தொலைந்தே போனது. ஒவ்வொரு வாத்தியக்காரரும் முன்னால் வைத்துக்கொள்ளும் தனித்தனித் தாள்கள் லெனின்கிராடில் (அதே செயின்ட் பீட்டர்ஸ்பர்க்தான்) கிடைத்து, அவற்றை வைத்து மறுபடி கோத்து, 1945-இல் மாஸ்கோவில் வாசித்தார்கள். அவர் இறந்து இரண்டு ஆண்டு ஆகியிருந்தது. இதை ஞாபகம் வைத்திருங்கள், கீழே மறுபடி வரும்.

ஹிப்னாடிசத்தால்தான் இரண்டாவது கான்செர்ட்டோ வந்ததா?

1900-ஆம் ஆண்டு ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை மருத்துவர் நிக்கலாய் டாலிடம் அவர் தினமும் போனது உண்மை. அரைத் தூக்கத்தில் சாய்ந்திருக்க, நீங்கள் எழுதத் தொடங்குவீர்கள், எளிதாக வரும், நன்றாக வரும் என்று டால் திரும்பத் திரும்பச் சொல்வார் என்பது ராக்மானினோவ் தானே பிற்பாடு சொன்ன விவரம். கான்செர்ட்டோவை டாலுக்கே சமர்ப்பணமும் செய்தார், நன்றி இல்லாமல் யாரும் அப்படிச் செய்வதில்லை.

ஆனால் அதே காலத்தில் வேறு பலதும் நடந்தன. டால் தானே வாத்தியம் வாசிக்கத் தெரிந்தவர், இசையைப் பற்றிப் பேச அவரிடம் விஷயம் இருந்தது. சிலோட்டி பணம் கொடுத்துத் தாங்கினார். கோடையில் ஷாலியாபினோடு இத்தாலி போய்வந்தார். அதற்கு முன்பு டால்ஸ்டாயைப் பார்க்கப் போயிருந்தார்கள், ஆறுதல் தேடிப் போன இடத்தில் இந்த மாதிரி இசை யாருக்கு வேண்டும் என்று கிழவர் கேட்டதில் இன்னும் நொந்துபோய்த் திரும்பினார். ஆக, ஒரு மந்திரச் சொல்லில் குணமானார் என்று சொல்வது கதைக்கு நன்றாயிருக்கும், நடந்தது நாலைந்து பேர் விடாமல் பிடித்துத் தூக்கியது.

கடைசி இரண்டு பகுதிகளை 1900 டிசம்பரில் மேடையேற்றினார், முழுவதையும் 1901 நவம்பரில். தொடக்கத்தைக் கவனித்துக் கேளுங்கள். ஆர்க்கெஸ்ட்ரா சும்மா இருக்கிறது, பியானோ மட்டும் தனியாக ஒரு கூட்டுச் சுரம், உடனே அடியாழத்தில் எஃப் என்ற ஒற்றைச் சுரம். மறுபடி கூட்டுச் சுரம், மறுபடி எஃப். கூட்டுச் சுரத்துக்குள் ஒரு குரல் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக இடம் மாறுகிறது, கீழே அந்த எஃப் மாறாமல் நிற்கிறது, தூரத்தில் தொடங்கி மணி பக்கத்தில் வந்துகொண்டே இருப்பது மாதிரி. எட்டே தாளக் கட்டம், அதற்குள் சத்தம் மெல்லியதிலிருந்து முழு வேகத்துக்கு வந்துவிடும், பிறகுதான் வயலின்கள் அந்தப் பாட்டை எடுக்கும். பாட்டி கூட்டிப்போன தேவாலயத்து மணி இதுதான் என்று எனக்குத் தோன்றும்.

அவர் கை எவ்வளவு பெரியது?

பெரியதுதான். ஆள் ஆறடிக்கு நல்ல மேலே. பன்னிரண்டு வெள்ளைக் கட்டை தூரத்தை ஒரே பிடியில் எட்டுவார் என்று சொல்வார்கள். சராசரி ஆளுக்கு எட்டு அல்லது ஒன்பது கட்டை எட்டினாலே அதிகம். மேலே சொன்ன இரண்டாவது கான்செர்ட்டோத் தொடக்கத்தில் பல பியானோ கலைஞர்கள் கூட்டுச் சுரங்களை ஒன்றாக அழுத்த முடியாமல் கீழிருந்து மேலாகச் சுருட்டி வாசிப்பதைக் கேட்கலாம், கை எட்டாததுதான் காரணம். இது ஏதோ மரபணுக் கோளாறு என்று பின்னால் வந்த மருத்துவர்கள் சிலர் ஊகித்திருக்கிறார்கள், ஊகம் மட்டுமே.

சின்னக் கை உள்ளவர்களும் இவரை அருமையாக வாசிக்கிறார்கள். மூன்றாவது கான்செர்ட்டோவை ராக்மானினோவ் யோசெஃப் ஹோஃப்மான் என்ற பியானோ கலைஞருக்குச் சமர்ப்பணம் செய்தார், ஹோஃப்மான் கை சிறியது, அவர் அதை மேடையில் வாசிக்கவே இல்லை என்பதும் உண்மைதான்.

மூன்றாவது கான்செர்ட்டோதான் உலகிலேயே கடினமானதா?

கடினமானவற்றில் ஒன்று, அவ்வளவு போதும். 1909-இல் இவனோவ்காவில் எழுதி, அமெரிக்கா போகும் கப்பலில் சத்தம் வராத பயிற்சிக் கட்டைகளில் விரலைப் பழக்கிக்கொண்டே போய், நவம்பரில் நியூயார்க்கில் அரங்கேற்றினார். சில வாரம் கழித்து இசையமைப்பாளர் மாலர் கண்டக்டராக நடத்த அதே நகரத்தில் மறுபடி வாசித்தார். அதை உலகப் புகழுக்குக் கொண்டுவந்தவர் ஹோரோவிட்ஸ் என்ற பியானோ கலைஞர். 1928-இல் நியூயார்க் ஸ்டெயின்வே பியானோக் கடையின் நிலவறையில் அந்த இளைஞர் தனிப் பகுதியை வாசிக்க, ராக்மானினோவ் இரண்டாவது பியானோவில் ஆர்க்கெஸ்ட்ரா பகுதியை வாசித்துக்கொண்டு உடன்போனார். அதன்பிறகு இருவரும் கடைசிவரை நண்பர்கள்.

இவனோவ்கா என்று ஒரு பெயர் வந்துகொண்டே இருக்கிறதே?

தம்போவ் பகுதியில் அத்தை குடும்பத்துக்கு இருந்த பண்ணை. கண்ணுக்கெட்டிய தூரம் சமவெளி, வயல். கோடை வந்தால் அங்கே போய் உட்கார்ந்துவிடுவார், முக்கியமான படைப்புகளில் பெரும்பகுதி அங்கே எழுதியது. பின்னால் பண்ணையின் பொறுப்பையே எடுத்துக்கொண்டு கச்சேரிப் பணத்தை அதில் கொட்டினார். குதிரை, கார், உழவு எல்லாவற்றிலும் அவருக்குப் பிரியம்.

1917 புரட்சியில் பண்ணை போயிற்று. அந்த டிசம்பரில் ஸ்டாக்ஹோமில் கச்சேரிக்கு ஓர் அழைப்பு வந்ததும் மனைவியையும் இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். கொஞ்சம் பணம், சில இசைத் தாள்கள், ஒரு பாதி எழுதிய ஓபரா. பனியில் திறந்த ஸ்லெட்ஜ் வண்டியில் எல்லையைக் கடந்தார்கள். திரும்பிப் போகவே இல்லை.

அதற்குப் பிறகு ஏன் எழுதவில்லை?

முதல் காரணம் வயிற்றுப்பாடு. பாஸ்டன், சின்சினாட்டி இரண்டு ஆர்க்கெஸ்ட்ராக்கள் கண்டக்டர் பதவிக்கு அழைத்தன, மறுத்துவிட்டார். தேவையான அளவு பிறர் சிம்பொனிகள் கைவசம் இல்லாதபோது பதவியில் உட்காருவது சரியில்லை என்பது அவர் எண்ணம். மிஞ்சியது பியானோ. அதுவரை மேடையில் பெரும்பாலும் தன் உருப்படிகளையே வாசித்த ஆள், 45 வயதில் ஷோப்பன், ஷூமன், பீத்தோவன், லிஸ்ட் என்று முழு நிகழ்ச்சிகளைப் புதிதாகத் தயார் செய்தார். 1918 நவம்பர் 10 அன்று நியூயார்க்கில் இறங்கினார். அங்கிருந்து ரயில், ஓட்டல், மேடை, மறுபடி ரயில். மிச்ச நேரமெல்லாம் சாதகம்.

அந்தச் சாதகத்தை ஏப்ரம் சேசின்ஸ் என்ற பியானோ கலைஞர் ஒருமுறை கதவுக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறார். ஒவ்வொரு சுரமாக, அவ்வளவு மெதுவாக வந்ததால் என்ன உருப்படி என்றே முதலில் புரியவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, ஷோப்பனின் மூன்றாம் சுர எட்யூட் என்னும் பயிற்சி உருப்படி, மேடையில் மின்னலாகப் போவது. உலகத்தின் மிகப் பெரிய பியானோ கலைஞர் பழகுவது அந்த வேகத்தில். இதைச் செய்துகொண்டே ஒருவர் சிம்பொனியும் எழுத முடியாது, ராக்மானினோவே இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முடியவில்லை என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்.

இரண்டாவது காரணம் நேரத்தைப் பற்றியது அல்ல. நாட்டை இழந்தபோது எழுதும் ஆசையையும் இழந்தேன் என்ற பொருளில் பேசியிருக்கிறார். சிலர் இதைச் சாக்கு என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1930களில் சுவிட்சர்லாந்தில் லூசெர்ன் ஏரிக்கரையில் ஒரு வீடு கட்டி, தன் பெயரையும் நத்தாலியா பெயரையும் சேர்த்துச் 'செனார்' என்று பெயர் வைத்து, மரம் செடி நட்டு, இவனோவ்கா மாதிரி ஓர் இடத்தை உண்டாக்கிய உடனே, பகானினி என்ற இசையமைப்பாளரின் மெட்டை வைத்துப் பியானோவுக்கும் ஆர்க்கெஸ்ட்ராவுக்கும் எழுதிய பகானினி ராப்சடி வந்தது, 1934 கோடையில் சில வாரங்களில் எழுதி முடித்தது. அடுத்து மூன்றாவது சிம்பொனி. உட்கார ஓர் இடமும் கச்சேரி இல்லாத ஒரு கோடையும் கிடைத்தபோதெல்லாம் எழுதியிருக்கிறார். கிடைத்தது அபூர்வம்.

மேடையில் அவர் சிரிக்கவே மாட்டாராமே?

மேடையில் இல்லை. வீட்டில் விழுந்து விழுந்து சிரிப்பவர், குறிப்பாக ஷாலியாபின் கதை சொன்னால். தாராள மனசும் கூட. விமானப் பொறியாளர் சிகோர்ஸ்கி அமெரிக்காவில் காசில்லாமல் தவித்தபோது 1923-இல் 5,000 டாலர் கொடுத்தவர் இவர்.

கச்சேரியில் இருமினால் பகுதிகளை விட்டுவிடுவார் என்பது உண்மையா?

உண்மை, அவரே நண்பர் மெட்னருக்குக் கடிதத்தில் எழுதியிருக்கிறார். 1931-இல் எழுதிய கொரெல்லி வேரியேஷன்ஸ் ஒரே மெட்டை விதவிதமாக மாற்றிப் போட்டது, அதில் இருபது பகுதிகள். இருமல் கூடினால் அடுத்ததை விட்டுவிடுவேன், இருமல் இல்லையென்றால் வரிசைப்படி வாசிப்பேன் என்கிறார். ஒரு சிறிய ஊரில் பத்துதான் வாசித்தாராம், நியூயார்க்கில் பதினெட்டு. எல்லாரும் இதை வேடிக்கையாகச் சொல்கிறார்கள். நான் படித்தபோது முதல் சிம்பொனி இரவும் அந்தப் படிக்கட்டும்தான் நினைவுக்கு வந்தன. முப்பத்து நான்கு ஆண்டு கழிந்தும், சபை தன் இசையை விரும்பவில்லையோ என்று காதைத் தீட்டிக்கொண்டே வாசித்திருக்கிறார்.

சோவியத் அரசோடு என்ன சண்டை?

1931 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸில் வந்த, சோவியத் ஆட்சியைக் கண்டித்த கடிதத்தில் அவரும் கையெழுத்திட்டார். பதிலுக்கு அங்கே அவர் இசைக்குத் தடை. சில ஆண்டுகளில் அது தளர்ந்தது. ஜெர்மனி ரஷ்யாமீது படையெடுத்ததும் 1941 நவம்பரில் நியூயார்க்கில் நடந்த ஒரு கச்சேரியின் வருமானத்தை அந்த நாட்டு வீரர்களின் மருத்துவ உதவிக்குக் கொடுத்தார். ஆட்சியை மன்னித்ததாக அர்த்தம் இல்லை, மண் அவருடையது.

கடைசிக் கச்சேரி?

1943 பிப்ரவரி 17, டென்னசி மாநிலம் நாக்ஸ்வில். அந்த மாதத் தொடக்கத்தில்தான் அமெரிக்கக் குடியுரிமை பெற்றிருந்தார். முதுகிலும் விலாவிலும் வலி, புற்றுநோய் என்று இன்னும் தெரியாது. நிகழ்ச்சியில் ஷோப்பனின் பி ஃபிளாட் மைனர் சொனாட்டா இருந்தது, சவ ஊர்வல நடை உள்ளது. அந்த சொனாட்டாவை 1930-இல் அவர் பதிவு செய்த வட்டு இருக்கிறது. நடுவில் அந்த மெல்லிய பாட்டு முடிந்ததும் ஊர்வலம் முழுச் சத்தத்தில் திரும்பி வரும், பிறகு சிறிது சிறிதாகக் குறைந்து தூரத்தில் மறையும், ஊர்வலம் நம்மைக் கடந்து போய்விட்ட மாதிரி. ஷோப்பன் தாளில் அப்படி எழுதவில்லை, ஆனாலும் இதைக் கேட்ட பிறகு வேறு விதமாகக் கேட்க மனசு வரவில்லை.

செனார் தோட்டத்தில் புதைக்க வேண்டும் என்று விரும்பினார், போர்க் காலத்தில் நடக்கவில்லை. நியூயார்க் மாநிலத்தில் கென்சிகோ கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார்.

காலத்துக்குப் பின்தங்கியவர் என்று விமர்சகர்கள் சொன்னார்களே?

சொன்னார்கள். 1954-இல் வந்த குரோவ் இசை அகராதி, இவர் புகழ் நிலைக்காது என்றே எழுதியது. இன்றும் உலகெங்கும் அரங்குகளில் இவரை வாசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?

இரண்டாவது கான்செர்ட்டோ, அவரே கண்டக்டர் ஸ்டோகோவ்ஸ்கியோடு 1929-இல் செய்த பதிவு. ஒலித்தரம் பழசு, ஆனால் உருகி வழியாமல் நேராக வாசிப்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். அப்புறம் 1915-இன் 'இரவு முழு வழிபாடு', வாத்தியமே இல்லாமல் குரல்கள் மட்டும். பகானினி ராப்சடியில் பதினெட்டாவது பகுதி எல்லாருக்கும் தெரிந்த மெட்டு, அது பகானினியின் மெட்டைத் தலைகீழாகத் திருப்பியது என்று தெரிந்து கேட்டால் இன்னும் சுவை.

கடைசிப் படைப்பான 'சிம்பொனிக் நடனங்கள்' (1940) மட்டும் அவசரப்பட்டுக் கேட்க வேண்டாம். முதலில் அந்தத் தோற்றுப்போன முதல் சிம்பொனியைக் கேளுங்கள், தொடக்கத்தில் இறுக்கமாக, கறுவிக்கொண்டு வரும் மெட்டை மனதில் பதிய வையுங்கள். பிறகு நடனங்களில் முதலாவதின் முடிவுக்கு வாருங்கள். அதே மெட்டு, மேஜர் என்ற தெளிந்த சுர அமைப்புக்கு மாறி, வயலின்களில் நிதானமாக வரும், மேலே ஹார்ப்பும் பியானோவும் சின்ன மணிகளும். 1941 ஜனவரியில் ஆர்மண்டி நடத்த முதல்முறை வாசித்தபோது அது என்ன மெட்டு என்று அரங்கத்தில் யாருக்கும் தெரிந்திருக்க வழியில்லை. சிம்பொனி தொலைந்து கிடந்தது, தெரிந்தது அவர் ஒருவருக்குத்தான். கையெழுத்துப் பிரதியின் கடைசியில் ரஷ்ய மொழியில் எழுதியிருக்கிறார்: உமக்கு நன்றி, ஆண்டவரே.